எத்தனை மணிக்குப் போச்சு? வீட்டு இணையம் விட்டுவிட்டு அறுபடுவது குறித்து ஓர் ஆய்வு

வேல்ஸ் மலைப்பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு சிற்றூர். பதினெட்டு மாதங்களாக அந்த ஊரில் தினமும் காலை 7 மணிக்கு இணையம் தடுமாறியது. பிரிட்டனின் தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். கம்பிகள் நன்றாகவே இருந்தன. சந்தேகத்தின் பேரில் கேபிளின் பெரும்பகுதியை மாற்றியும் பார்த்தார்கள். கோளாறு போகவில்லை. கடைசியாக ஒரு குழு, கொட்டும் மழையில் காலை 6 மணிக்கே அலைக்கற்றை அளக்கும் கருவியோடு ஊருக்குள் நடந்தது. 7 அடித்ததும் கருவியில் பெரிய இரைச்சல் ஒன்று எழுந்தது. அதைப் பின்தொடர்ந்து போனால் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. வீட்டுக்காரர் காலையில் அதைப் போடும்போதெல்லாம் கிளம்பிய மின்காந்த இரைச்சல், ஊரின் இணைய இணைப்புகளைக் குலைத்திருக்கிறது. இந்தச் செய்தி 2020 செப்டம்பரில் வெளியாயிற்று.

அத்தனை மாதமும் எல்லோரும் தேடியது கோளாறு எங்கே என்று. அது எப்போது வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு ஒரே காலையில் விடை கிடைத்தது. வீட்டு இணையம் அறுபடுவதைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தாலும், இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: விட்டுவிட்டு வரும் கோளாறுக்குக் கருவியைவிடக் கடிகாரம் முக்கியம்.

முழுதாகச் செத்துப்போன இணைப்பைச் சரிசெய்வது எளிது. எங்கே உயிர் இல்லையோ அங்கே பார்த்தால் போதும். வந்து வந்து போவதுதான் ஆளைக் கொல்லும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுவது போல, பழுதுபார்க்க ஆள் வந்து நிற்கும்போது எல்லா விளக்கும் பச்சையாக எரியும். அவர் தெருமுனை திரும்பியதும் வீடியோ அழைப்பில் மகளின் முகம் உறைந்து நிற்கும்.

ஒரு சொல், பல நோய்கள்

"நெட் போச்சு" என்று நாம் சொல்வது, "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற ஒரு சொல். அதற்குள் எத்தனை நோய் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, ஃபோனிலிருந்து ஒரு செய்தி போகும் வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஃபோனின் வைஃபை ரேடியோ, அடுத்து காற்று, பிறகு ரவுட்டர், ரவுட்டருக்குள்ளேயோ பக்கத்திலோ ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டி, சுவரைத் தாண்டினால் கம்பம் கம்பமாகப் போகும் ஃபைபர், ஒளியைப் பல வீடுகளுக்குப் பங்கு பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், நிறுவனத்தின் நிலையம், அங்கிருந்து உலகம். சங்கிலியில் எந்தக் கண்ணி நழுவினாலும் நம் திரையில் தெரிவது அதே சுழலும் வட்டம்தான்.

ஆகவே முதல் வேலை, இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்ப்பது. அதற்கு உதவும் பழைய கருவி 'பிங்'. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ், விளங்காமல் முரண்டு பிடித்த ஒரு பிணையத்தைச் சோதிப்பதற்காக எழுதிய சிறு நிரல் அது. பிறந்ததே இந்த வேலைக்குத்தான். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயருக்கு மூலம்: கூப்பிடு, எதிரொலி வருகிறதா பார், எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளந்துகொள்.

கணினியில் இரண்டு சன்னல்களைத் திறந்து, இரண்டு பிங்குகளை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். ஒன்று ரவுட்டருக்கு, அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். இன்னொன்று வெளியுலகில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு முகவரிக்கு, கூகுளின் 8.8.8.8 போல. அறுபடும் நேரத்தில் இரண்டுமே நின்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, வெளிமுகவரி மட்டும் மௌனமானால் கோளாறு பெரும்பாலும் சுவருக்கு வெளியே. இரண்டும் பதில் சொல்ல, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் வழி சரி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்ப்பலகைதான் பெரும்பாலும் கெட்டிருக்கிறது. பாதி ஊகம் இங்கேயே தீர்ந்துவிடும்.

இடைவழி ஒவ்வொன்றையும் காட்டும் 'டிரேஸ்ரூட்' கட்டளையைப் படிப்பவர்கள் ஓரிடத்தில் ஏமாறுவதுண்டு. நடுவில் உள்ள ஒரு ரவுட்டர் பதில் சொல்லாமல் விட்டதாகக் காட்டியதும், "இதோ குற்றவாளி" என்று கைகாட்டிவிடுவார்கள். அந்தப் பெரிய ரவுட்டர்களுக்குத் தரவுப் பொதியைக் கடத்துவது முதல் வேலை, பிங்குக்குப் பதில் சொல்வது ஒழிந்த நேரத்து வேலை. கடைசி இலக்கு ஒழுங்காகப் பதில் தருகிறதென்றால் நடுவழி மௌனத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

காற்றில் நடக்கும் தகராறு

இரண்டு பிங்கும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேன் கேபிளை எடுத்து மடிக்கணினியை ரவுட்டரோடு நேரே இணைத்து ஒருநாள் வேலை பார்க்க வேண்டும். கேபிளில் அறுபடாமல் வைஃபையில் மட்டும் அறுபட்டால் பழி காற்றின் மேல்.

வைஃபையின் பழைய வீடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. உரிமம் இல்லாமல் யாரும் நுழையலாம் என்பதால் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்ட இடம். இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வைஃபைக்கோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் இருக்க வழக்கமாகத் தேர்வது 1, 6, 11 என்ற மூன்றையே. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்று திண்ணைகளில் உட்காரப் பார்க்கின்றன. இடையில் புகுந்து 3-ஆம் சேனலில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடிபடும். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியபின் அறுபட்டு, நள்ளிரவுக்குப் பிறகு சீராகிவிடும் இணைப்பு இந்த நெரிசலின் அடையாளம். வெளிவழி நெரிசலும் இதே நேரத்தில்தான் வரும். எது என்பதைக் கேபிள் சோதனை சொல்லிவிடும்.

அதே அலைவரிசையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கிறது. ரவுட்டர் வெளிவிடும் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. அடுப்புக்குள் பல நூறு வாட். பாதுகாப்பு வரம்புக்குள் கசியும் துளியே பக்கத்திலுள்ள வைஃபையைத் திணறடிக்கப் போதும். இது வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் உள்ள 64 மீட்டர் வானொலித் தொலைநோக்கியில், 1998 முதல் அவ்வப்போது புதிரான துடிப்புகள் பதிவாயின. 'பெரிட்டான்' என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் அலசினார்கள். 2015-இல் உண்மை தெரிந்தது: வளாகத்திலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு முழுதாக ஓடி முடியுமுன் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால் எழும் துடிப்பு அது. தொலைநோக்கியின் பதிவோடு, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தனியாகக் கண்காணித்த இன்னொரு கருவியின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது பிடிபட்டது. நாம் இரண்டு சன்னல்களில் இரண்டு பிங் ஓடவிடுவதும் இதே சூட்சுமம்தான். ஒரு பதிவு புலம்பல். இரண்டு பதிவுகள் சாட்சியம்.

நம் வீடுகளின் அமைப்பும் வைஃபைக்குப் பகை. செங்கல் சுவர் ஓரளவு விடும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை சிக்னலை விழுங்கும் அல்லது திருப்பி அடிக்கும். ரவுட்டரையோ பார்வைக்கு அழகில்லை என்று டிவிக்குப் பின்னாலும் பரணிலும் ஒளித்து வைக்கிறோம். ஃபோனில் ஒரு வைஃபை செயலியை இறக்கினால் சிக்னலின் வலு டிபிஎம் என்ற அளவில் தெரியும். எண் எதிர்மறையில் இருக்கும். -50 அருமை, -67 வரை வீடியோ அழைப்பு தாங்கும், -80 அருகே போனால் நூலிழை. ஒவ்வொரு 10 குறையும்போதும் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது என்பதால் -67க்கும் -80க்கும் உள்ள தூரம் பார்வைக்குத் தெரிவதைவிட மிக அதிகம். கட்டில் ஓரத்தில் படுத்திருக்கையில் அறுபட்டு, கூடத்துக்கு வந்ததும் சரியாகிவிடும் இணைப்புக்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸ் இடம் விசாலமானது, நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் துளைக்கும் வலு குறைவு. அதில் ஒரு வினோதமும் உண்டு. நடுப்பகுதிச் சேனல்கள் சிலவற்றில் ரேடார்களுக்கே முன்னுரிமை. ரேடார் சாயல் தென்பட்டால் ரவுட்டர் 10 விநாடிக்குள் அந்தச் சேனலைக் காலிசெய்து, 30 நிமிடம் திரும்பாமல் இருக்க வேண்டும். அதே வகையான இன்னொரு சேனலுக்குப் போவதானால் பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து மறைந்து ஒரு நிமிடத்தில் திரும்பி வருகிறதென்றால் இதைச் சந்தேகிக்கலாம். 36 முதல் 48 வரையுள்ள சேனலில் நிலையாக வைத்துவிட்டால் தொல்லை நிற்கும்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் அறுபட்டால் காற்றைத் திட்டிப் பயனில்லை. மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக வைஃபை அட்டையைத் தூங்கவைக்கும் மடிக்கணினிகள் உண்டு. அந்த அமைப்பை நிறுத்திப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 3.0 வட்டை மாட்டினால் மட்டும் தடுமாறும் மடிக்கணினிகளும் உண்டு. அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்புகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதி வெளியிட்டிருக்கிறது.

கரண்ட்டும் பெட்டியும்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி உண்டு: பெட்டி எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்ற கணக்கு. பல ரவுட்டர்களில், வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதும் தனியாகத் தெரியும். பெட்டி 12 நாளாக ஓடுகிறது, இணைப்பு மட்டும் 20 நிமிடமாக இருக்கிறது என்றால் அறுந்தது வெளி இணைப்பு. இரண்டுமே 20 நிமிடம் என்றால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது.

அணைந்து எழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கரண்ட். மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும், அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தால் சமாளித்துவிடும். மூன்று நான்கு கோடையைப் பார்த்துச் சூட்டில் வற்றிப்போன கெப்பாசிட்டரால் அது முடியாது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில், மோட்டார் போடும் நொடியில் ரவுட்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். விளக்குகூட மினுங்காததால் நாம் கரண்ட்டைச் சந்தேகிப்பதில்லை. அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள புது அடாப்டரும் சிறிய ரவுட்டர் யூபிஎஸ்ஸும் பல வீடுகளில் முழு வைத்தியம்.

கேபிளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். முனையில் கிரிம்ப் தளர்ந்து ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால் இணைப்பு அறுந்து, 100-இல் எழுந்து, மறுபடி அறும். நேற்றுவரை 1,000 காட்டிய இடத்தில் இன்று 100 என்று தெரிந்தால் கேபிளின் முனையைப் பாருங்கள்.

சுவருக்கு வெளியே

ஃபைபருக்குள் ஓடுவது ஒளி. அதை மழை நனைக்காது, மின்னல் தாக்காது. ஆனால் ஃபைபரை இணைக்கும் இடங்களில் தண்ணீர் இறங்கும், மரக்கிளை உரசும், அணில் கடிக்கும். ஓஎன்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். விளக்கு சொல்லாததை அளவு சொல்லும். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை இணைப்பில், வந்து சேரும் ஒளியின் வலு வழக்கமாக -8க்கும் -27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். -27 என்பது ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. பெட்டியின் பக்கத்தில் -20 என்று இருந்தால் நிம்மதி, -26.5 என்று விளிம்பில் நின்றால், காற்று பலமாக அடித்து வயர் ஆடும்போதெல்லாம் அறும். டிவி மேசைக்குப் பின்னால் ஃபைபர் மடங்கியிருந்தாலும், பச்சை முனை செருக வேண்டிய இடத்தில் நீல முனையைச் செருகியிருந்தாலும் இதே கதிதான்.

ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் எல்லாத் தெருக்களிலும் ஸ்ப்ளிட்டர் இல்லை. உள்ளூர் ஆபரேட்டர் யாரோ ஒருவர் வீட்டு மாடிச்சுவரில் ஒரு சுவிட்ச் பெட்டியை மாட்டி, அந்த வீட்டிலிருந்தே கரண்ட் எடுத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்திருப்பதும் உண்டு. நம் வீட்டில் விளக்கு எரியும். அந்த வீட்டில் ஒரு ஃபேஸ் போயிருக்கும். நம் இணையமும் போயிருக்கும்.

ஃபைபரிலும் ஓர் அபர்ஹோசன் உண்டு. ஒரு ஸ்ப்ளிட்டரில் தொங்கும் வீடுகள் எல்லாமே மேலே செய்தி அனுப்ப ஒரே ஃபைபரைத்தான் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. ஒரு வீட்டின் ஓஎன்டி பழுதாகி, தன் முறை வராதபோதும் லேசரை எரியவிட்டால் மற்றவர்கள் பேச்சு அதில் மூழ்கிப்போகும். இதை நாம் வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பக்கத்து வீட்டாரிடம், "உங்களுக்கும் 8.10க்குப் போச்சா?" என்று கேட்க முடியும். ஒரே ஆபரேட்டர், ஒரே நிமிடம் என்றால் உங்கள் ரவுட்டரைத் தொடாதீர்கள்.

முகவரியும் பெயரும்

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியை வாடகைக்குத்தான் தருகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 87.5 சதவீதம் கழிந்தபின் மறுபடி கேட்கும். அப்போதும் இல்லையென்றால் கெடு முடிந்ததும் முகவரி பறிபோகும். சரியாக இத்தனை மணிக்கு ஒருமுறை என்று தாளம் தப்பாமல் அறுபட்டால் இந்த வாடகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், யாரும் இடம் தராமல் அது தானாக ஒரு முகவரி போட்டுக்கொண்டது என்று அர்த்தம். நிறுவனம் தந்த பெட்டியும் நாம் வாங்கிய ரவுட்டரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகவரி வழங்கினாலும் குழப்பம்தான். வழங்கும் வேலையை ஒன்றிடம் மட்டும் விட வேண்டும்.

பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தடுமாறினால் வாட்ஸ்அப் ஓடும், இணையதளம் திறக்காது. டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் இது தீரும். இது மட்டும்தான் தீரும்.

அறுபடாமலே அறுபட்டது

சில நேரம் எதுவுமே அறுபட்டிருக்காது. வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை மேலேற்றுகிறார். இன்னொருவரின் அழைப்பு நின்றுபோகிறது. ரவுட்டர் எந்தப் பொதியையும் தூக்கி எறிய மனமில்லாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிற்கவைத்துவிடுகிறது. ரேஷன் கடையில் ஒருவர் பத்துக் கார்டுகளோடு முன்னால் நிற்பது போல. 20 மில்லிவிநாடியில் வந்த பிங் பதில் ஒரு விநாடியைத் தாண்டுகிறது. பொறுமையிழந்த செயலி "இணைப்பு இல்லை" என்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தன் வீட்டு இணைப்பைத் துருவப்போய், இந்த நோயை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 'பஃபர்ப்ளோட்' என்ற பெயர் நிலைத்தது. வேகம் கூடிய திட்டத்துக்கு மாறினாலும் இது முழுதாகத் தீராது. வரிசையை நியாயமாக நடத்தத் தெரிந்த ரவுட்டரோ, மேலேற்றும் வேகத்தை இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைப்பதோதான் மருந்து.

மூன்று வைத்தியர்கள்

இந்த நோய்க்கு நம்மிடையே மூன்று வைத்திய முறைகள் புழங்குகின்றன. வாடிக்கையாளர் சேவை மையத்தின் வைத்தியம்: அணைத்துப் போடுங்கள். கடைக்காரரின் வைத்தியம்: புது ரவுட்டர், அல்லது சிக்னலை நீட்டும் எக்ஸ்டெண்டர். கணினி தெரிந்த மைத்துனரின் வைத்தியம்: டிஎன்எஸ்ஸை மாற்று, சேனலை மாற்று, ஃபர்ம்வேரைப் புதுப்பி, எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.

மூன்றுமே சில நேரம் பலிக்கும், அதுதான் சிக்கல். வெளி இணைப்பில் உள்ள கோளாறுக்கு எக்ஸ்டெண்டர் வாங்கினால், அறுபட்ட இணையத்தை மாடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஒரே நாளில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. திரும்பி வரும்போது எதைச் செய்வது என்றும் தெரியாது. அணைத்துப் போடுவதில் இன்னொரு கேடு உண்டு. பெரும்பாலான ரவுட்டர்கள் தம் நிகழ்வுப் பதிவை நிலையற்ற நினைவகத்தில் வைத்திருப்பதால், அணைத்த கணத்தில் ஓடிய நேரம், பிழைக் குறிப்பு எல்லாம் அழிந்துவிடும். துப்பறிவாளர் வருமுன் வீட்டைக் கழுவிவிடுவது மாதிரி. அணைக்கத்தான் வேண்டுமென்றால், அதற்குமுன் விளக்குகளையும் நிர்வாகப் பக்கத்தையும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளுக்குக் குறித்துவைப்பது புதிதல்ல. தினசரிக் காலண்டரில் காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கும். பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி இருக்கும். அந்தத் தாளிலேயே ஓர் ஓரத்தில் எழுதலாம்: காலை 7.40, எல்லாக் கருவியும்; மாலை 6.15, மாடி மட்டும், மோட்டார் ஓடியது; இரவு 9.05, பக்கத்து வீட்டிலும். இரண்டு வாரம் எழுதினால் கோளாறின் முகம் தெரியத் தொடங்கும். புகார் கொடுக்கும்போதும், "அடிக்கடி போகுது சார்" என்பதற்கும், "பத்து நாளில் பதினாறு தடவை, ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒளி அளவு -26.5" என்பதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

அந்தப் பட்டியலில் இன்னொரு பத்தியும் இருக்கட்டும்: அந்த நேரத்தில் வீட்டில் என்ன போட்டோம். அபர்ஹோசன் வீட்டுக்காரர் யாருக்கும் தீங்கு நினைத்தவரல்ல. விஷயம் தெரிந்ததும் கூசிப்போய், பெட்டியை இனிப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். பதினெட்டு மாதமும் அவர் செய்தது, காலையில் எழுந்து டிவி போட்டது மட்டும்தான்.